படத்தில் ஏரி மட்டும் இருக்கிறது

ஒரு சுற்றுலா மலையின் புகைப்படப் புத்தகத்தைப் பற்றி இங்கே எழுத என்ன இருக்கிறது என்று கேட்கும் தோழர்கள் இருப்பார்கள். வன்கொடுமை வழக்குகள் தேங்கிக் கிடக்கின்றன. உதவித்தொகை வராமல் பிள்ளைகள் படிப்பை நிறுத்துகிறார்கள். இந்த நேரத்தில் ஏற்காட்டு ஏரியும் பூங்காவும் தேவையா என்பார்கள். தேவைதான் என்று நினைக்கிறேன். ஒரு இடத்தை எப்படிப் படம் எடுக்கிறார்கள் என்பதிலேயே, அந்த இடம் யாருடையது என்று நினைக்கிறார்கள் என்பதும் தெரிந்துவிடும்.

மல்லசமுத்திரத்தில் நாங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு படிப்பு வட்டம் நடத்துகிறோம். சேலத்தில் கல்லூரிக்குப் போகும் தங்கை ஒருவர், பழைய புத்தகக் கடையில் வாங்கியதாக ஒரு புத்தகம் கொண்டுவந்தார். கனமான வழவழத் தாள், பெரிய அளவு. புத்தகத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. ஊட்டி, கொடைக்கானல் பற்றியும் இதே மாதிரிப் புத்தகங்கள் உண்டு. அட்டையை மாற்றிப் போட்டால் பெரிய வேறுபாடு தெரியாது.

பாதிப் புத்தகம் ஏரியும் அதை ஒட்டிய அண்ணா பூங்காவும்தான். விடிகாலைப் பனி. கட்டிப் போட்ட படகுகள். தண்ணீரில் தலைகீழாக மரங்கள். மே மாதக் கோடை விழாவுக்கு அடுக்கிவைத்த பூத்தொட்டிகள். இரவில் மலை உச்சியிலிருந்து பார்த்தால் கீழே மின்னும் சேலம் நகரம். பிறகு காப்பித் தோட்டம். ஒரு உள்ளங்கையில் சிவந்த காப்பிப் பழங்கள். கை மணிக்கட்டோடு வெட்டுப்பட்டிருக்கிறது. கீழே குறிப்பு: காப்பிப் பழம்.

தங்கை கேட்டார்: "ஏரி நல்லா இருக்குதுங்கண்ணா. ஆனா இத்தனை பக்கத்துல ஆளையே காணோமே?"

இன்னொரு தம்பி உடனே சொன்னார்: "ஆளு வந்தா படம் கெட்டுப் போயிரும்ல?"

அன்று மாலை முழுக்க இந்த இரண்டு வாக்கியங்களைத்தான் பேசிக்கொண்டிருந்தோம். அந்தப் பேச்சின் தொடர்ச்சி இது.

முதலில் அந்தக் கையைப் பற்றி. என் அம்மாயி கார்த்திகை பிறந்ததும் ஏற்காட்டுக்குப் பழம் பறிக்கப் போனவர். எங்கள் பகுதியில் கடலைக்காய் பறிப்பு முடிந்து வேலை இல்லாத நாட்கள் அவை. மேஸ்திரி ஊருக்கு வந்து முன்பணம் கொடுத்து ஆள் சேர்த்துக் கூட்டிப்போவார். தை கடைசி வரைக்கும் தோட்டத்து லயன் வீட்டில் இருக்க வேண்டும். பறித்த பழத்தை மாலையில் எடை போட்டுக் கூலி. எடை போடுகிற தராசைத் தொட்டுப் பார்க்கவும் முடியாது, கேள்வி கேட்கவும் முடியாது. கணுக்காலில் அட்டை கடித்துச் சொறிந்த தழும்புகள் சாகும்வரை அவருக்கு இருந்தன. அவ்வளவு வருடம் போய்வந்தவரிடம் ஏரியைப் பற்றி ஒரு முறை கேட்டேன். "பஸ்ஸுல போறப்ப சன்னல்ல பாத்ததுதான் சாமி. எறங்கி நின்னதில்ல" என்றார்.

அம்மாயிக்கு இருக்கிற ஒரே புகைப்படம் வாக்காளர் அட்டையில் இருப்பதுதான். அந்தக் கருப்பு நிழலைப் பார்த்து அவரை அடையாளம் காண எனக்கே கொஞ்ச நேரம் ஆகும். அவர் வேலை செய்த மலைக்கு வழவழத் தாளில் ஒரு புத்தகமே இருக்கிறது.

இந்த வெறுமை எங்கிருந்து வந்தது? நம் மாவட்டத்தை வைத்து வெளிவந்த மிகப் பழைய புகைப்படத் தொகுப்புகளில் ஒன்று 1858இல் வந்தது. எடுத்தவர் லின்னியஸ் டிரைப். கிழக்கிந்தியக் கம்பெனிப் படையின் அதிகாரி, 1856இல் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக நியமிக்கப்பட்டவர். ராயக்கோட்டையும் சேலம் மாவட்டத்தின் பிற இடங்களும் என்பது அந்தத் தொகுப்பின் பொருள். அன்றைய சேலம் மாவட்டத்தில் இன்றைய நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி எல்லாம் அடக்கம். டிரைப்பின் படங்களில் பெரும்பாலும் கோட்டை, கோயில், பாறை, மரம். ஆள் அபூர்வம். அதற்கு ஒரு தொழில்நுட்பக் காரணம் உண்டு. அவர் பயன்படுத்திய காகித நெகடிவில் ஒளி பதிய நேரம் பிடிக்கும். நடந்துபோகிறவர் படத்தில் பதியவே மாட்டார். அசையாமல் நிற்பது மட்டும் பதியும்.

இன்றைய கேமராவுக்கு அந்தக் கஷ்டம் இல்லை. ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு போதும். கூடை சுமந்து நடக்கும் பெண்ணின் வேர்வைத் துளி கூடத் தெளிவாக விழும். இப்போதும் படத்தில் அவர் இல்லை என்றால், இல்லாமல் இருக்கட்டும் என்று ஒருவர் முடிவு செய்திருக்கிறார் என்று பொருள்.

இடத்தைக் காட்டும்போது ஆளைக் காட்டாத அதே காலத்தில், ஆளைக் காட்டுவதற்குத் தனிப் புத்தகங்கள் வந்தன. 1868 முதல் 1875 வரை பிரிட்டிஷ் அரசு 'இந்திய மக்கள்' என்ற பொருளில் எட்டுத் தொகுதிகள் வெளியிட்டது. பார்ப்பவர் சாதியையும் பழங்குடியையும் 'வகை'யாக அறிந்துகொள்வதற்கான படங்கள் அவை. 1873இல் நீலகிரிப் பழங்குடிகளைப் பற்றி ஜேம்ஸ் பிரீக்ஸ் எழுதிய புத்தகம் புகைப்படங்களோடு வந்தது. 1909இல் எட்கர் தர்ஸ்டன், ரங்காச்சாரியோடு சேர்ந்து தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் ஏழு தொகுதிகளில் அடுக்கினார். தர்ஸ்டன் மனிதர்களின் மூக்கையும் மண்டையையும் கருவி வைத்து அளந்தவர். இவற்றில் நம் முன்னோரின் முகங்கள் இருக்கலாம். பெயர் இருக்காது. சாதிப் பெயர் மட்டும் இருக்கும்.

ஆக, நமக்குப் படத்தில் இரண்டே இடங்கள்தான் கொடுத்தார்கள். ஒன்று, காட்சிக்கு வெளியே. இல்லையென்றால் மாதிரிப் பொருளாக. தங்கை கொண்டுவந்த புத்தகத்திலும் இதே ஏற்பாடுதான். சேர்வராயன் மலையின் மூத்த குடிகளான மலையாளிப் பழங்குடியினர் ஒரே ஒரு பக்கத்தில் வருகிறார்கள். இவர்கள் கேரளத்து மலையாளிகள் அல்ல, தமிழ் பேசும் மலைமக்கள். திருவிழாக் கூட்டத்தில் ஒரு முதியவர் சிரிக்கிறார். கீழே 'வண்ணமயமான உள்ளூர் மக்கள்' என்று குறிப்பு. அவருக்குப் பெயர் இருந்திருக்கும். கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

பெயர் யாருக்கு இருக்கிறது என்று பாருங்கள். ஊட்டி ஏரியை உருவாக்கியவர் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் என்று படிக்கிறோம். கொடைக்கானல் ஏரியை 1863இல் உருவாக்கியவர் மதுரை கலெக்டராக இருந்த வெரெ ஹென்றி லெவிஞ்ச். நுவரெலியாவில் இருக்கும் கிரகரி ஏரிக்கு இலங்கை ஆளுநர் வில்லியம் கிரகரியின் பெயர். ஏற்காட்டுக்குக் காப்பியைக் கொண்டுவந்தவர் 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன். இவர்களில் யாரும் மண்வெட்டி பிடித்ததில்லை. கொடைக்கானல் ஏரி சுமார் 60 ஏக்கர். ஓடையை மறித்துக் கரை போட மண் சுமந்தவர்களின் பெயரை எந்தப் பலகையிலும் பார்த்ததில்லை.

நுவரெலியாவைச் சும்மா சொல்லவில்லை. இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்கும், காப்பியை இலைத்துரு நோய் அழித்த பிறகு தேயிலைத் தோட்டங்களுக்கும் கங்காணிகள் ஆள் பிடித்த மாவட்டங்களில் சேலமும் திருச்சியும் முக்கியமானவை. போனவர்களில் மிகப் பலர் நம் மக்கள். 1948இல் அந்த நாட்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் போட்டு 5,25,000 பேரை இந்தியா ஏற்கும் என்று அவர்களைக் கேட்காமலேயே கணக்குத் தீர்த்தார்கள். திரும்பி வந்தவர்களில் பலர் நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்களில் மறுபடியும் கொழுந்து பறித்தார்கள். ஒரு மலை ஏரியிலிருந்து இன்னொரு மலை ஏரிக்கு. தேயிலைப் பொட்டலத்தில் கூடையோடு சிரிக்கும் பெண் மட்டும் அங்கும் இங்கும் ஒன்றே. அவளுக்கும் பெயர் கிடையாது.

இனி நம் சமவெளிக்கு வருவோம். எங்கள் ஊர்ப் பெயரிலேயே சமுத்திரம் இருக்கிறது. தமிழ்நாட்டில் சமுத்திரம் என்று முடியும் ஊர்ப்பெயர்கள் பெரிய ஏரியைக் குறிப்பவை. விசைத்தறிச் சத்தமும் மரவள்ளிக்கிழங்கு லாரியுமாக இருக்கும் இந்த வறண்ட பக்கத்தில் ஏரி என்பது உயிர். தமிழ்நாட்டின் பல மாவட்டங்களில் ஏரிக் கரையைக் காவல் காத்து, மடை திறந்து, வயலுக்கு வயல் தண்ணீர் கட்டிவிட்டவர்கள் ஒடுக்கப்பட்ட சாதியினர்தான். நீர்க்கட்டி, நீர்பாய்ச்சி என்று அவர்களுக்குப் பெயர். வெள்ளத்தில் கரை உடைந்தால் முதலில் இறங்க வேண்டியவர்கள் அவர்கள். அதே ஏரியில், அதே கிணற்றில் குடம் நனைக்கக் கூடாதவர்களும் அவர்களே.

இதை எதிர்த்து நம் முன்னோர் நடத்திய சண்டையின் தேதிகளை இளம் தோழர்கள் மனப்பாடமாக வைத்துக்கொள்ள வேண்டும். 1924இல் சென்னை சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச் சாலை, பொதுக் கிணறு, குளம், பொது இடம் எதையும் எந்தச் சாதியினரும் பயன்படுத்தலாம் என்பது அதன் சாரம். அது நிறைவேறி அரசாணையும் ஆனது. 1927 மார்ச் 20 அன்று மகத் நகரில் அண்ணல் அம்பேத்கர் சவுதார் குளத்தில் இறங்கித் தண்ணீர் அள்ளிக் குடித்தார். பின்னாலேயே ஆயிரக்கணக்கானவர்கள் குடித்தார்கள். அன்றே அவர்களை அடித்தார்கள். பிறகு சாணமும் கோமியமும் பாலும் தயிரும் ஊற்றிக் குளத்தைத் 'தூய்மை' செய்தார்கள். வழக்கு நடந்து, குளம் எல்லோருக்கும் பொது என்று பம்பாய் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொல்ல 1937 ஆனது. அந்தத் தண்ணீரைக் குடித்தால் சாகாவரம் கிடைக்கும் என்று யாரும் மகத்துக்குப் போகவில்லை. நாமும் மனிதர் என்று நிறுவப் போனார்கள்.

அந்தக் குளம்தான் அரசியலமைப்பின் 15(2) பிரிவில் வந்து நிற்கிறது. அரசுப் பணத்தில் பராமரிக்கப்படும் கிணறு, குளம், படித்துறை, சாலை, பொதுமக்கள் கூடும் இடம் எதிலும் சாதியின் பேரால் யாரையும் தடுக்கக் கூடாது. ஏற்காட்டு ஏரியும் அண்ணா பூங்காவும் அந்தப் பிரிவுக்குள் வரும் இடங்கள். எழுதிவைத்ததோடு முடிந்துவிடவில்லை என்பதற்கு வேங்கைவயல் சாட்சி. 2022 டிசம்பரில் அங்கே தலித் மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலந்திருந்தது தெரியவந்தது. இரண்டு ஆண்டுகள் கழித்துக் காவல்துறை குற்றப்பத்திரிகையில் சேர்த்தது அதே தலித் குடியிருப்பின் மூன்று பேரை.

இப்போது எங்கள் படிப்பு வட்டத்தில் நடந்ததைச் சொல்கிறேன். அந்தப் புத்தகத்தைப் பார்த்த பிறகு, நம் பக்கத்து ஏரிகளை நாமே படம் எடுப்போம் என்று பிள்ளைகள் முடிவு செய்தார்கள். கையில் செல்போன்தான். இரண்டு தம்பிகள் பக்கத்து ஊர் ஒன்றின் ஏரிக்குப் போனார்கள். அந்த ஊரின் பெயர் வேண்டாம். கரையில் உட்கார்ந்திருந்த இரண்டு பேர் கூப்பிட்டார்கள். "எந்த ஊருப்பா?" சொன்னார்கள். "எந்தத் தெரு?" சொல்லவில்லை. "யாரு பையன்?" அதற்குப் பிறகு படம் எடுக்கவில்லை. அடிக்கவில்லை, திட்டவில்லை. மூன்று கேள்விகள் மட்டும்தான். வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

அடுத்த வாரம் அதே தம்பிகள் ஏற்காடு போய்வந்தார்கள். ஏரிக்கரையில், படகில், பூங்காவில் இருபது முப்பது செல்ஃபி. ஒருவர் கூட எந்தத் தெரு என்று கேட்கவில்லை. நுழைவுச்சீட்டு எல்லோருக்கும் ஒரே விலை. "அங்க நாம யாருன்னே தெரியாதுங்கண்ணா. நிம்மதியா இருந்துச்சு" என்றார் ஒருவர்.

இந்த நிம்மதியை நான் குறைத்துப் பேச மாட்டேன். சுற்றுலா போவது நடுத்தர வர்க்க மோகம் என்று நம் இயக்கங்களிலேயே சிலர் கிண்டல் செய்வதுண்டு. ஊருக்குள் தெருப்பெயரே அடையாள அட்டையாக இருக்கும் ஒரு பிள்ளைக்கு, பெயர் தெரியாத கூட்டத்தில் ஒருவனாகத் தண்ணீர் ஓரம் நிற்பது எவ்வளவு பெரிய விடுதலை என்பது அனுபவித்தவருக்குத் தெரியும். என் அம்மாயி இறங்கி நிற்க முடியாத கரையில் இந்தப் பிள்ளைகள் நின்றார்கள். அழகு நமக்கும் உரியது. பனியும் பூவும் படகும் நமக்கும் உரியவை.

ஆனால் அந்த விடுதலை ஒரு நாள் வாடகைக்குக் கிடைப்பது. யாருக்கும் தெரியாத வரைக்கும்தான் அங்கே நாம் சமம். மாலை கடைசி பஸ் பிடித்து, 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி, ஆட்டையாம்பட்டி தாண்டி ஊர் வந்து சேர்ந்தால் மறுபடியும் "எந்தத் தெரு?" அங்கேயே வேலை செய்கிற நம் ஆட்களுக்கு அந்த ஒரு நாளும் கிடையாது. கோடை விழா முடிந்த மறுநாள் காலையில் பூங்கா வாசலில் நின்று பாருங்கள். பிளாஸ்டிக் தட்டும் தண்ணீர் பாட்டிலும் மலையாகக் கிடக்கும். கழிப்பறைகள் எந்த நிலையில் இருக்கும் என்று சொல்ல வேண்டாம். அதை அள்ள வரும் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர்கள் எந்தச் சாதி என்றும் சொல்ல வேண்டாம். அவர்கள் வேலையை முடித்த பிறகுதான் புகைப்படக்காரர் வருகிறார். புத்தகத்தில் இருக்கும் அந்தச் சுத்தமான விடிகாலை, அவர்கள் கூட்டித் துடைத்துக் கொடுத்த விடிகாலை.

ஒரு பக்கம் பெயர் இல்லாமல் நிற்பதில் கிடைக்கும் சமத்துவம். இன்னொரு பக்கம் பெயரைக் கேட்டதும் மறையும் சமத்துவம். இரண்டும் நமக்குப் போதாது. நம் பெயரோடு, நம் தெருப் பெயரோடு, எந்த ஏரிக்கரையிலும் நின்று படம் எடுக்கிற உரிமை வேண்டும். மகத்தில் கூடியவர்கள் தாங்கள் யார் என்பதை மறைத்துக்கொண்டு குளத்துக்குப் போகவில்லை. தீண்டப்படாதவர் என்று சொல்லப்பட்டவர்களாகவே, பகலில், ஊர்வலமாகப் போனார்கள்.

கேமரா நம் ஆட்கள் கைக்கு வந்தால் என்ன நடக்கும் என்பதற்கு எடுத்துக்காட்டுகள் இருக்கின்றன. மும்பையில் சுதாரக் ஓல்வே மாநகராட்சித் துப்புரவுத் தொழிலாளர்களைப் பல ஆண்டுகள் படம் எடுத்தார். நம் மதுரைப் பக்கத்து எம். பழனி குமார், மீன் விற்ற தாயின் மகன். மலக்குழி மரணங்களையும் தூய்மைப் பணியாளர் குடும்பங்களையும் தொடர்ந்து பதிவு செய்கிறவர். திவ்யபாரதியின் 'கக்கூஸ்' ஆவணப்படத்துக்கு ஒளிப்பதிவு அவர்தான். ஜெய்சிங் நாகேஸ்வரன் வாடிப்பட்டியில் தன் சொந்தக் குடும்பத்தையே படம் எடுத்தார். இவர்களின் படங்களில் மனிதர்கள் நம்மைத் திரும்பிப் பார்க்கிறார்கள். மணிக்கட்டோடு வெட்டுப்பட்ட கைகள் இல்லை.

படிப்பு வட்டத்தில் நாங்கள் வைத்துக்கொண்ட சில பழக்கங்களை உங்களுக்கும் சொல்கிறேன். எந்தப் புகைப்படப் புத்தகத்தைத் திறந்தாலும் நான்கு கேள்விகள் கேளுங்கள். எடுத்தவர் யார்? வாங்கப் போகிறவர் யார்? படத்துக்குக் கீழே யாருடைய பெயர் இருக்கிறது? இந்த இடத்தில் வேலை செய்கிறவர் ஏன் படத்தில் இல்லை?

நீங்களே படம் எடுக்கும்போது, எதிரில் இருப்பவரிடம் அனுமதி கேளுங்கள். வேண்டாம் என்றால் செல்போனைப் பையில் போடுங்கள். பெயரைக் கேட்டு எழுதுங்கள், செய்கிற வேலையையும் எழுதுங்கள். படத்தை அவருக்கு அனுப்புங்கள், முடிந்தால் பிரிண்ட் போட்டுக் கொடுங்கள். நம் ஆட்கள் கஷ்டப்படுவதை மட்டுமே எடுத்துக்கொண்டிருக்காதீர்கள். சிரிப்பதையும் உண்பதையும் புதுச்சட்டை போட்டு நிற்பதையும் எடுங்கள். பொது ஏரியிலோ குளத்திலோ படம் எடுக்கக் கூடாது என்று யாராவது சாதியைச் சொல்லித் தடுத்தால், தனியாக மல்லுக்கு நிற்காமல் திரும்பி வாருங்கள். நாள், நேரம், இடம், சொன்ன சொல் நான்கையும் அன்றே எழுதிவையுங்கள். பொது நீர்நிலையைப் பயன்படுத்த விடாமல் தடுப்பது 2015இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றம். எழுதிவைத்தால்தான் அது வழக்காகும்.

பக்கத்து ஊர் ஏரிக்கு இந்த மாதக் கடைசியில் மறுபடியும் போகிறோம். இந்த முறை இரண்டு பேராகப் போகவில்லை. பெண்களும் ஆண்களுமாகப் பதினைந்து பேர், வழக்கறிஞர் தோழர் ஒருவரும் வருகிறார். தெரு கேட்டால் தெருவின் பெயரைச் சொல்வதாக முடிவு.

படிக்கிற உங்களுக்கு ஒரு வேலை. வீட்டு டிரங்குப் பெட்டியில், மஞ்சள் பையில், ரேஷன் கார்டுக்கு இடையில் பழைய புகைப்படம் ஏதாவது இருந்தால் எடுத்துப் பாருங்கள். பின்பக்கம் பென்சிலால் பெயர், ஊர், தோராயமான வருடம், எங்கே என்ன வேலை செய்தார் என்று எழுதுங்கள். சொல்லத் தெரிந்த பெரியவர்கள் உயிரோடு இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள். படமே இல்லாதவர்களுக்குப் பெயரையாவது எழுதுங்கள்.

ஜெய் பீம்.